டிங்கியை ஒழிக்க, பிளாட்டில் கொசுவை ஏன் விடுகிறார்கள்?

கேள்வி: கோலாலம்பூர் வட்டாரத்தில் ஓர் அறக்கட்டளைப் பணத்தில் கொசு வளர்த்து வெளியே விடுகிறார்களாமே, உண்மையா?

உண்மைதான். லண்டனின் வெல்கம் அறக்கட்டளை நிதியில், மலேசிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் 2017 வாக்கில் அடுக்குமாடிப் பகுதிகளில் விட்டது, வொல்பாக்கியா என்ற பாக்டீரியா சுமந்த ஏடிஸ் எஜிப்டி, அதாவது டிங்கி பரப்பும் கொசு இனம். இந்த பாக்டீரியா இருந்தால் டிங்கி வைரஸ் கொசுவின் உடம்பில் சரியாகப் பெருகாது. இதைச் சுமக்கும் ஆண், சாதாரணப் பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரியாது. சுமக்கும் பெண்ணோ குஞ்சுகளுக்கும் கடத்திவிடும். அப்படித்தான் பரவுகிறது.

வொல்பாக்கியாவின் வகைத் தேர்வில்தான் சூட்சுமம். வேறு நாடுகளில் ஓடிய டபிள்யூ-மெல் வகை, வெயிலில் சூடேறிய வாளித் தண்ணீரில் வளரும் புழுவிலிருந்து மறைந்துவிடும். அதனால் இங்கே வெப்பம் தாங்கும் டபிள்யூ-ஆல்ப்-பி. விட்ட இடங்களில் டிங்கி சுமார் 40% குறைந்தது. சில இடங்களில் வொல்பாக்கியா சுமக்கும் கொசுக்களின் விகிதம் ஏறி இறங்கியது. பக்கத்துப் பகுதிக் கொசு வந்து கலக்கிறதே!

கடி குறையும் என்று நினைக்காதீர்கள், இந்தப் பெண் கொசுவும் கடிக்கும். டிங்கி பரப்பும் ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற இன்னொரு இனம் இதில் மாறாது. ஆகவே பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, ஏர்கோன் வாளி எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கவிழ்த்து, உள்விளிம்பைத் தேய்த்துக் கழுவுங்கள். வெறுமனே கொட்டினால் ஒட்டிய முட்டை காய்ந்தும் சாகாது.