பழைய சுபாருவை மலைப்பாதைக்கு உயர்த்தலாமா?

கேள்வி: 1988 மாடல் சுபாரு எல் சீரிஸ் வேகன் வாங்கியிருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மலைப்பாதைகளில் ஓட்ட நான்கு அங்குலம் உயர்த்தலாமா? அல்லது விற்றுவிட்டுப் பெரிய நான்கு சக்கர வண்டி வாங்குவதா?

விற்காதீர்கள். "லேண்ட் குரூசர் வாங்கு" என்று பத்துப் பேர் சொல்வார்கள். அது நல்ல வண்டிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் எடையில் பாதிகூட இல்லாத வண்டி உங்களிடம் இருக்கிறது. சேற்றில் அதன் அருமை தெரியும்.

உங்களுடையது லோ ரேஞ்ச் (செங்குத்தான ஏற்றத்தில் மெதுவாக, அதிக இழுவையோடு ஏற உதவும் கூடுதல் கியர்) உள்ள மேனுவல் வண்டி என்று எடுத்துக்கொள்கிறேன். உயர்த்துவதை ஒத்திப்போட்டு, முதலில் டைமிங் பெல்ட்டைக் கவனியுங்கள். கிராங்க் என்ற இன்ஜினின் முக்கியத் தண்டையும், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் இணைத்துச் சுழற்றுவது அதுதான். இந்த வண்டியின் இ.ஏ.82 இன்ஜினில் அது இரண்டு. விற்றவர் "மாற்றியாயிற்று" என்று சொல்லியிருந்தாலும் ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள்.

விக்டோரியா மலைகளில், டார்கோ என்ற ஊருக்கு அப்பால் புளூ ரேக் பாதையில், ஏற்றத்தின் நடுவே என் வண்டி சட்டென்று அணைந்தது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் வழக்கத்தைவிட லேசாகச் சுழன்றது. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிவிட்டு மனைவியை மறுபடி திருப்பச் சொன்னேன். உள்ளே, கேம் தண்டோடு சேர்ந்து சுழல வேண்டிய ரோட்டர் அசையவே இல்லை. பெல்ட் அறுந்திருந்தது. பின்னால் வந்த பெரிய வண்டிக்காரர் இறங்கி வந்து, இதையெல்லாம் ஏன் இங்கே கொண்டுவருகிறீர்கள் என்று கேட்டார். கயிறு தருவதாகவும் சொன்னார். வேண்டாம் என்றேன்.

இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் இடிக்காது. புதிய பெல்ட்டை மாட்டினால் ஓடும். பெல்ஹவுசிங்கின் (இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் கூடு) மேலுள்ள சிறு துளை வழியே, கிராங்கோடு சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தில் மூன்று கோடுகள் தெரியும். நடுக்கோட்டைக் குறிக்கு நேரே நிறுத்த வேண்டும். டிகிரி எண்களுடன் வேறு கோடுகளும் உண்டு, அவை இதற்கு அல்ல. ஒரு கேம் புல்லியின் (கேம் தண்டின் முனையில் பெல்ட் ஓடும் சக்கரம்) புள்ளியை மேலே வைத்து முதல் பெல்ட்டை மாட்டி இறுக்கினேன். கிராங்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றியதும் அந்தப் புள்ளி கீழே போய்விட்டது. பிறகு மற்ற புல்லியின் புள்ளியை மேலே வைத்து இரண்டாவது பெல்ட். வெயில் சாயும் முன் உச்சிக்குப் போய்விட்டோம்.

பெல்ட் மூடிகளை நான் முன்பே கழற்றி வீட்டில் வைத்திருந்ததால்தான் வேலை சீக்கிரம் முடிந்தது. கல் புகுந்துவிடும் என்று சண்டைக்கு வருபவர்கள் வரட்டும். மூடிக்குள் சேறு சிக்கிக் காய்ந்துபோவதைவிட அது மேல் என்பது என் அனுபவம். நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவர் மூடியை வைத்துக்கொள்ளட்டும்.

இனி உயரம். ஸ்ட்ரட் (சஸ்பென்ஷன் தூண்) தலையில் மட்டும் உயர்த்தும் கட்டை வைத்தால், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின் மூட்டுகளான சி.வி. ஜாயிண்ட்டுகளின் கோணம் கூடி, ரப்பர் உறைகள் விரைவில் கிழியும். முன் கிராஸ்மெம்பர் (இன்ஜினைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), கியர்பாக்ஸ் தாங்கி, பின் டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரிக்கும் பெட்டி) தாங்கி எல்லாவற்றுக்கும் அதே அளவு கட்டை வேண்டும். ஸ்டியரிங் தண்டையும் நீட்ட வேண்டும். அப்படிச் செய்தாலும் டிஃபரன்ஷியலின் அடி ஒரு விரல்கூட உயராது, உடல்தான் உயரும். அடியை உயர்த்துவது பெரிய டயர். கட்டை அதற்கு இடம் தருகிறது, அவ்வளவுதான். இரண்டு அங்குலமே போதும் என்பேன். நான்கு என்றால் பொறியாளர் சான்றிதழுக்கும் அலைய வேண்டியிருக்கும். சக்கரத்தின் நான்கு போல்ட்டுகளும் 140 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கின்றன. ஹப்பில் இன்னும் நான்கு துளை போட்டால் ஆறு போல்ட் ரிம் பொருந்தும். அது எங்கும் கிடைக்கும்.

சொந்தக்காரர்களையும் சொல்லியாக வேண்டும். மெல்பர்னில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் "இன்னும் இந்த வண்டிதானா, தம்பி?" என்று வாசலிலேயே கேட்கிறார்கள். பிள்ளைகளின் படிப்பை விசாரிக்கும் முன்பே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. மாதத் தவணை கட்டாத வண்டியை வைத்திருப்பது இவர்களுக்கு ஏன் உறுத்துகிறது என்று எனக்குப் புரியவே இல்லை. உங்களிடமும் கேட்பார்கள். அதற்காக விற்றுவிடாதீர்கள்.