போன தடவை நார்மல், இந்தத் தடவை பாலிப்... எப்படி டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 57. இரண்டு வருடத்துக்கு முன் கொலனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியே கேமரா டியூப் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்து 'நார்மல்' என்றார்கள். போன மாதம் மலத்தில் ரத்தம் தெரிந்ததால் மறுபடி செய்தோம். பெருங்குடலின் வலப்பக்கத்தில் 8 மி.மீ. அளவில் தட்டையான பாலிப் (குடலின் உட்சுவரில் வளரும் சிறு கட்டி) இருந்தது என்று எடுத்துவிட்டார்கள். முதல் தடவையே கோட்டை விட்டுவிட்டார்களா? செயற்கை நுண்ணறிவு உள்ள கருவியில் பார்த்திருந்தால் அப்போதே பிடிபட்டிருக்காதா? பழைய ரிப்போர்ட்டில் குடல் சுத்தம் 'சுமார்' என்று எழுதியிருக்கிறது.

பதில்: அப்போதே இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இரண்டே வருடத்தில் புதிதாக முளைத்திருக்க முடியாது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பாலிப் பொதுவாக நிதானமாக வளரும். சிறியது புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பத்து வருடம் போல ஆகும். உங்களுடையது அதற்கு முன்பே வெளியே வந்துவிட்டது. (மலத்தில் தெரிந்த ரத்தத்துக்கு இது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. மூலம் இருக்கிறதா என்று பார்த்தார்களா?)

தவறவிடுவது நாம் நினைப்பதைவிட அதிகம். ஒரே நோயாளிக்கு அடுத்தடுத்து இரண்டு முறை கொலனோஸ்கோப்பி செய்து ஒப்பிட்ட ஆய்வுகளில், அடினோமா எனப்படும் புற்றுநோய்க்கு முந்தைய கட்டிகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று முதல் முறை கண்ணில் படவில்லை. தப்பியவற்றில் பெரும்பாலானவை சிறியவை, தட்டையானவை.

ஏன் தப்புகின்றன? பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும். டியூபைக் கடைசி வரை கொண்டுபோய்விட்டு, வெளியே இழுத்துக்கொண்டு வரும்போதுதான் நாங்கள் நிதானமாகப் பார்ப்போம். ஒவ்வொரு மடிப்புக்கும் பின்னால் கேமராவை வளைத்து, தேங்கிய நீரை உறிஞ்சி, ஒட்டியதைக் கழுவ வேண்டும். வலப்பக்கத்துத் தட்டைப் பாலிப்பின் மேல் பல சமயம் மஞ்சள் நிறச் சளிப் படலம் ஒன்று தொப்பி போல ஒட்டியிருக்கும். தண்ணீர் பீய்ச்சினாலும் சட்டென்று போகாது. மிச்சம் மீதி மலம்தான் என்று தாண்டிப் போய்விடுவது எளிது. இரண்டாவது முறை பீய்ச்சும்போது படலம் நழுவும். அடியில் சுற்றுப்புறத்தின் நிறத்திலேயே, ஓரம் தெளிவில்லாமல் ஒரு மேடு தெரியும். ரத்தக் குழாய்களின் கோடுகள் அந்த இடத்தில் மட்டும் மறைந்திருக்கும். நானும் இப்படி ஒன்றைத் தாண்டிப் போய், சந்தேகம் தட்டித் திரும்பி வந்து பார்த்ததுண்டு. அதனால்தான் வலப்பக்கத்தை இரண்டு தரம் பார்க்கச் சொல்கிறோம்.

ஆகவே அந்த 'சுமார்' என்ற ஒரு வார்த்தைதான் என் கண்ணில் உறுத்துகிறது. பாஸ்டன் அளவுகோல் என்று ஒன்று உண்டு. குடலை மூன்று பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் சுத்தத்துக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். எந்தப் பகுதியும் 2-க்குக் கீழே போகக் கூடாது. சுத்தம் போதாவிட்டால், 'நார்மல்' என்று பல வருடம் நிம்மதியாக இருக்காமல் ஒரு வருடத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். உங்களிடம் அதை யாரும் சொல்லவில்லை என்றால், அதுதான் நடந்த தவறு.

மருத்துவருக்கு மருத்துவர் வித்தியாசமும் உண்டு, மறைப்பானேன்? பரிசோதிக்கிற நூறு பேரில் எத்தனை பேரிடம் ஒரு அடினோமாவாவது கண்டுபிடிக்கிறார் என்பது ஒரு மருத்துவரின் 'கண்டறிதல் விகிதம்'. அமெரிக்காவில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிசோதனைகளை அலசி 2014-ல் வெளிவந்த ஆய்வில், இந்த விகிதம் ஒரு புள்ளி கூடக்கூட, பின்னாளில் புற்றுநோய் வரும் ஆபத்து 3 சதவீதம் குறைவாக இருந்தது. அங்கே இலக்கு முன்பு 25 சதவீதம். 2024-ல் 35 ஆக்கிவிட்டார்கள். டியூபை வெளியே இழுக்கும் நேரமும் 6 நிமிடம் போதும் என்றிருந்தது, இப்போது 8. உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். தன் கணக்கை வைத்திருப்பவர் கோபப்பட மாட்டார்.

செயற்கை நுண்ணறிவு உதவும். திரையில் பாலிப் தெரிந்தால் உடனே கட்டம் போட்டுக் காட்டும். பல ஆய்வுகளில் கண்டறிதல் கூடியிருக்கிறது, பெரும்பாலும் சிறிய பாலிப்களில். ஆனால் மடிப்புக்குப் பின்னால் கேமரா போகவில்லை என்றாலோ, மலம் மூடியிருந்தாலோ, அதற்கும் ஒன்றும் தெரியாது. போலந்தில் இதைப் பயன்படுத்தத் தொடங்கிய மருத்துவர்கள் பின்பு அது இல்லாமல் செய்த பரிசோதனைகளில் கண்டறிதல் விகிதம் 28.4-லிருந்து 22.4 சதவீதமாக இறங்கியது என்று 2025-ல் ஓர் ஆய்வு வந்தது. கட்டம் வரட்டும் என்று கண் காத்திருக்கப் பழகிவிடுகிறதோ என்று எனக்கொரு சந்தேகம்.

எடுத்த பாலிப்பின் பயாப்சி (திசுப் பரிசோதனை) முடிவை வாங்கிவிட்டீர்களா? அடுத்த பரிசோதனை எப்போது என்பதை அதன் வகையும், இந்தத் தடவை குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கும். அடுத்த முறை பேதி மருந்தை இரண்டாகப் பிரித்துக் குடியுங்கள்: பாதி முதல் நாள் மாலை, மீதி பரிசோதனைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் முன்பு தொடங்கி. விடியற்காலையில் எழ வேண்டியிருந்தாலும் இரண்டாவது பாதியை விட்டுவிடாதீர்கள். வலப்பக்கம் சுத்தமாவது அதில்தான். மலச்சிக்கல் உண்டென்றாலோ சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர் என்றாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவையும் நேரத்தையும் அதற்கேற்ப மாற்றித் தருவார்கள்.