ஹீமோகுளோபின் 7.4: ரத்தம் ஏற்றித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 1 வயது 8 மாதம், எடை 9.8 கிலோ. நிமோனியா என்று தனியார் மருத்துவமனையில் சேர்த்து இன்று ஐந்தாவது நாள். காய்ச்சல் விட்டுவிட்டது, நேற்றிலிருந்து ஆக்சிஜன் வைக்கவில்லை, பால் குடிக்கிறாள், விளையாடுகிறாள். ஹீமோகுளோபின் 7.4 இருப்பதால் ரத்தம் ஏற்றித்தான் அனுப்புவோம் என்கிறார்கள். வாசலில் ஒருவர் 4,000 ரூபாய் கொடுத்தால் டோனர் ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். என் கணவருக்கும் அதே குரூப்தான், அவர் கொடுக்கலாமா? வீட்டில் இவள் சுவரைச் சுரண்டித் தின்பாள். நான் அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறேன். ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன். – தருமபுரி மாவட்ட வாசகி

பதில்: நேரம் இல்லாததால் முதலில் முடிவைச் சொல்கிறேன். குழந்தை நீங்கள் எழுதியிருப்பது போலவே இருந்தால், இந்த ஒரு எண்ணுக்காக ரத்தம் ஏற்ற வேண்டியதில்லை, இரும்புச்சத்து மருந்தை ஒழுங்காகக் கொடுத்தாலே ஏறிவிடும். ஆனால் குழந்தையை நேரில் பார்ப்பவர் நான் இல்லை, அங்கே இருக்கும் டாக்டர். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எண்ணை விடுங்க டாக்டர், குழந்தையிடம் எதைப் பார்த்து ரத்தம் தேவை என்கிறீர்கள்?" மூச்சு வாங்குகிறது, இதயம் அதிக வேகமாக அடிக்கிறது, கல்லீரல் வீங்கியிருக்கிறது, பால் குடிக்கவே திணறுகிறாள் என்று பதில் வந்தால் தயங்காமல் ஏற்றச் சொல்லுங்கள். அப்படியே ஏற்றினாலும் இவள் எடைக்கு 100 முதல் 150 மில்லி, மூன்று நான்கு மணி நேரத்தில் மெதுவாக, முதல் கால் மணி நேரம் நர்ஸ் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

இந்தச் சோகை இந்த ஐந்து நாளில் வந்ததல்ல. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கியது, உடம்பும் அதற்குப் பழகிக்கொண்டது, சுவரைச் சுரண்டித் தின்றதே அதற்கு அறிகுறி. அதன் மேல் நிமோனியா வந்ததும் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும், டிரிப்ஸ் ஏற்றினால் ரத்தம் நீர்த்துப்போய் எண் இன்னும் குறைத்துக் காட்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாலும் நிலைமை சீராக உள்ள குழந்தைகளுக்கு 7 வரை பொறுக்கலாம் என்று 2007-லேயே பெரிய ஆய்வு வந்துவிட்டது. உகாண்டாவிலும் மலாவியிலும் 4-க்கும் 6-க்கும் இடையில் இருந்த, ஆபத்து அறிகுறி இல்லாத குழந்தைகளிடம் ஆராய்ந்ததில், உடனே ஏற்றியவர்களுக்கும் கண்காணித்துக் காத்திருந்தவர்களுக்கும் உயிரிழப்பில் வித்தியாசமே இல்லை என்று 2019-ல் சொன்னார்கள். இத்தனைக்குப் பிறகும் எட்டுக்குக் கீழே என்றால் ஒரு பை ஏற்று என்கிற பழக்கம் நம் ஊரில் போகமாட்டேன் என்கிறது.

அடுத்து அந்த 4,000 ரூபாய் ஆள். தயவுசெய்து அவரிடம் பேச்சே வைத்துக்கொள்ளாதீர்கள். காசுக்கு ரத்தம் கொடுப்பதை உச்ச நீதிமன்றம் 1996-ல் தடை செய்தது, 1998 ஜனவரியிலிருந்து அது நாடு முழுக்க அமலில் இருக்கிறது. காசுக்காகக் கொடுக்க வருபவர் தனக்கு இருக்கிற நோயை மறைப்பார், நேற்றுதான் இன்னொரு இடத்தில் கொடுத்ததையும் மறைப்பார். பிளட் பேங்க் வாங்குவது ரத்தத்துக்கு விலை அல்ல, பதப்படுத்தும் கட்டணம். தனியாரில் சிவப்பணு ஒரு பைக்கு அரசு வைத்த உச்சவரம்பு 1,550 ரூபாய், கூடுதல் பரிசோதனை செய்தால் அதற்கு மட்டும் தனியாக வாங்கலாம். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு இலவசம். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். எந்த பிளட் பேங்கில் எந்த குரூப் இருக்கிறது என்று இ-ரக்த்கோஷ் என்ற அரசு இணையதளத்தில் போனிலேயே பார்க்கலாம், 104-ஐ அழைத்தும் கேட்கலாம். இதை வார்டில் ஒரு போர்டில் எழுதி மாட்ட என்ன செலவாகும்? யாரும் மாட்டுவதில்லை, வாசலில் நிற்கும் ஆளுக்கு வசதியாகப் போய்விடுகிறது.

கணவரின் ரத்தம் வேண்டாம். குரூப் பொருந்தினாலும், நெருங்கிய உறவின் ரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்கள் குழந்தையின் உடம்பையே தாக்கும் ஒரு சிக்கல் உண்டு. அரிதுதான், ஆனால் வந்தால் காப்பாற்றுவது மிகக் கடினம். அவர் பிளட் பேங்கில் பொதுவாகக் கொடுக்கட்டும், குழந்தைக்கு வேறு பை வரட்டும்.

இப்போது சொல்லப்போவதை வேறு எதை மறந்தாலும் மறக்காதீர்கள். ரத்தம் ஏற்றுவது என்று முடிவானால், ஏற்றுவதற்கு முன்னால், ஊதா மூடி போட்ட குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து எச்.பி.எல்.சி. பரிசோதனைக்கு வைக்கச் சொல்லுங்கள். தலசீமியா, சிக்கிள் செல் போன்ற பரம்பரை ரத்தக் குறைபாடுகளைக் காட்டும் பரிசோதனை அது. ஏற்றிய பிறகு எடுத்தால் குழாயில் டோனரின் ரத்தமும் கலந்திருக்கும், முடிவை நம்ப முடியாது, மூன்று மாதம் காத்திருக்க வேண்டியிருக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் எம்.சி.வி., அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, 61, சிவப்பணு எண்ணிக்கை 4.1. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஏறக்குறைய 15 வருகிறது. 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா பக்கம் சந்தேகம், மேலே என்றால் இரும்புக்குறைவு. ஆக உங்கள் மகளுக்கு இரும்புக்குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் இது குத்துமதிப்பு, தீர்ப்பு அல்ல. சொந்தத்தில் கட்டியிருக்கிறீர்கள், அதனால் ரத்தம் ஏற்றாவிட்டாலும் இந்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். நான் பயிற்சியில் இருந்தபோது ஒன்றரை வயதுப் பையன் ஒருவன் வந்தான், வேறொரு இடத்தில் அவனுக்கு மூன்று முறை ரத்தம் ஏற்றியிருந்தார்கள், கூடவே இரும்பு சிரப்பும் எட்டு மாதம். மண்ணீரல் தொப்புள் வரை இறங்கியிருந்தது. அவனுக்கு இருந்தது தலசீமியா. இரும்பு ஏற்கெனவே தேங்குகிற உடம்பில் மேலும் மேலும் ஊற்றியிருக்கிறார்கள், அந்த மூன்று முறையில் ஒரு முறைகூட யாரும் அந்த 2 மில்லியை எடுத்து வைக்கவில்லை. இன்று நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

சரி, மருந்துக்கு வருவோம். கணக்கு இதுதான்: ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 3 மில்லிகிராம் இரும்பு, இவளுக்குச் சுமார் 30 மில்லிகிராம். பாட்டிலில் 'எலிமென்டல் அயர்ன்', அதாவது நிஜமான இரும்பின் அளவு, என்று போட்டிருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும், அதன் மேலே பெரிதாகப் போட்டிருக்கும் உப்பின் எடையை அல்ல. டானிக் என்ற பெயரில் விற்பதில் பல, விலைதான் கூடுதல், இரும்பு ஏதோ கொஞ்சம். இன்னொன்று, சொட்டு மருந்தும் சிரப்பும் ஒன்றல்ல, சொட்டு மருந்தில் 1 மில்லியில் இருப்பது சில சிரப்பில் 5 மில்லியில்தான் இருக்கும், அதனால் கடையில் ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றிக் கொடுத்தால் வாங்காமல் டாக்டரிடம் கேளுங்கள். எட்டாத உயரத்தில் வையுங்கள், மொத்தமாகக் குடித்துவிட்டால் விஷம். டிஸ்சார்ஜ் தாளில் ஆன்டிபயாடிக், இருமல் மருந்து, நெபுலைசர் எல்லாம் இருக்கும், இரும்பு மட்டும் விட்டுப்போயிருக்கும். நான் பார்க்கிற தாள்களில் பாதி அப்படித்தான். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்லியிருக்கிறது, அப்படியிருந்தும் கட்டிலில் படுத்திருக்கும் குழந்தைக்கு அதை எழுத மறக்கிறோம். கிளம்பும் முன் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பாலோடு கொடுக்காதீர்கள். இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில், கொஞ்சம் எலுமிச்சைச் சாறோடு, நாக்கின் பின்பக்கமாக ஊற்றினால் பல்லில் கறை படியாது. மலம் கறுப்பாகப் போகும், அது மருந்தின் நிறம். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்தியதால் அலமாரியிலேயே கிடக்கும் பாட்டில்களை, கிராம செவிலியர் கொடுத்த அரசு சிரப் உட்பட, எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏற வேண்டும். 11-ஐத் தாண்டிய பிறகும் இரண்டு மூன்று மாதம் கொடுங்கள், உடம்பில் இரும்பின் சேமிப்பு நிரம்ப வேண்டும்.

சாப்பாட்டில் பெரிய எதிரி பால்தான். நாள் முழுக்கப் பாட்டிலில் பால் குடிக்கும் குழந்தைக்கு வேறெதற்கும் பசி இருக்காது, பாலில் இரும்பும் கிடையாது. 400, 500 மில்லியோடு நிறுத்துங்கள். டீ, காபி ஒரு வாய்கூட வேண்டாம். பேரீச்சை, பீட்ரூட், மாதுளை மூன்றும் சிவப்பாக இருக்கிறதே தவிர இரும்பு சொற்பம். அசைவம் சாப்பிடுகிற வீடு என்றால் வாரம் இரண்டு நாள் ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ, நன்றாக வேகவைத்து மசித்து இரண்டு ஸ்பூன், சோற்றில் பிசைந்து கொடுங்கள். இல்லையென்றால் கம்பு, முருங்கைக்கீரை, பயறு, கூடவே கொய்யா அல்லது நெல்லிக்காய்.

பூச்சி மருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுத்திருக்கிறீர்களா என்று எழுதவில்லை, கொடுக்காவிட்டால் காய்ச்சல் முழுசாகச் சரியானதும் கேட்டு வாங்கிக் கொடுங்கள். எச்.பி.எல்.சி. முடிவு வந்ததும், உங்களுக்கும் கணவருக்கும் ஒரு சாதாரண ரத்த எண்ணிக்கைப் பரிசோதனை எடுத்து மூன்று தாளையும் சேர்த்து அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.