ரைசோபியம் சேமிப்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பயறுவகைச் செடிகளின் வேர்முடிச்சில் வாழ்ந்து நைட்ரஜனை நிலைப்படுத்தும் பாக்டீரியாவான ரைசோபியத்தின் ஸ்ட்ரெய்ன்களை (தனித்தனி வகைகளை) எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் அகார் என்ற கூழ் ஊடகம் இட்ட குழாய்களில் மாதந்தோறும் மாற்றி வளர்த்துக் காத்து வருகிறோம். இது போதாதா?

பதில்: ஓரிரு பருவத்திற்குப் போதும், பல ஆண்டுகளுக்குப் போதாது. ஒவ்வொரு மாற்றத்தின் போதும் வேறு நுண்ணுயிர் கலக்கவும், குழாயின் பெயர்ச்சீட்டு மாறிப்போகவும் வாய்ப்புண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. ரைசோபியத்தின் பல இனங்களில் வேர்முடிச்சை உண்டாக்கும் ஜீன்களும் நைட்ரஜனை நிலைப்படுத்தும் ஜீன்களும் பிளாஸ்மிடில் (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டிஎன்ஏவில்) அமைந்திருப்பதால், தொடர்ந்து செயற்கை ஊடகத்திலேயே வளரும்போது அவை இழக்கப்படலாம். அப்போதும் அகார் தட்டில் அந்த பாக்டீரியா முன்போலவே செழிப்பாக வளரும். சோயாவில் முடிச்சிடும் உறவு பாக்டீரியாவான பிராடிரைசோபியத்தில் இந்த ஜீன்கள் குரோமோசோமில் இருப்பதால் இந்த அச்சம் குறைவு.

ஆகவே ஒரே முறை வளர்த்து, கொழுப்பு நீக்கிய பாலும் சர்க்கரையும் சேர்த்து, பல ஆம்பூல்களில் (மூடி அடைக்கும் சிறு கண்ணாடிக் குப்பிகளில்) உறைய வைத்து உலர்த்தி விடுங்கள். அவற்றில் ஒரு பகுதியை மூலத்தொகுதியாக ஒதுக்கிவிட்டு, அன்றாட வேலைக்கு மற்றப் பகுதியை மட்டும் எடுங்கள். இன்னொரு தொகுதியைச் சுமார் 20 சதவீத கிளிசராலில் மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் வைக்கலாம். ஆனால் அந்த உறைபெட்டி மின்சாரத்தையும் ஒற்றைக் கம்ப்ரசரையும் நம்பியிருக்கிறது. உலர்த்திய ஆம்பூலுக்குச் சாதாரணக் குளிர்பெட்டியே போதும் என்பதால், என் வாக்கு ஆம்பூலுக்கே.

கேள்வி: சேமித்த ஸ்ட்ரெய்ன் திறனோடு இருக்கிறதா என்று எப்படி அறிவது?

பதில்: செடியிடம்தான் கேட்க வேண்டும். கிருமி நீக்கிய மணலில், நைட்ரஜன் இல்லாத ஊட்டக் கரைசல் ஊற்றி, அதற்குரிய பயற்றை வளர்த்து, நான்கைந்து வாரங்களில் முடிச்சை வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் லெக்ஹீமோகுளோபின் என்ற சிவப்பு நிறமி உருவாகி முடிச்சு வேலை செய்கிறது என்று பொருள். பாக்டீரியா இடாத தொட்டியிலும் முடிச்சு வந்திருந்தால் அந்தச் சோதனையைத் தூக்கிப் போட்டுவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

கேள்வி: என் நிலக்கடலையில் முடிச்சுகள் ஏராளம். ஆய்வகத்திற்கு எப்படி அனுப்புவது?

பதில்: செடியைப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டி எடுத்து, சிறு வேர்த்துண்டுடன் முடிச்சை வெட்டி, சிலிக்கா ஜெல்லும் பஞ்சும் இட்ட குப்பியில் அடைத்து அனுப்புங்கள். பயிர், ரகம், ஊர், தேதி, மண்ணின் கார அமில நிலை ஆகியவற்றை எழுதி ஒட்ட மறவாதீர்கள்.

கேள்வி: புதிய ஸ்ட்ரெய்ன்கள் வரும்போது பழையவற்றைக் காப்பானேன்?

பதில்: யுஎஸ்டிஏ 110 (அமெரிக்க வேளாண்மைத் துறையின் சேமிப்பு எண்) என்ற பிராடிரைசோபியம் ஸ்ட்ரெய்ன் 1957-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் சோயா முடிச்சிலிருந்து பிரிக்கப்பட்டது. 2002-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் மரபணுத்தொகுதி முழுவதையும் வாசித்து வெளியிட்டனர். 2013-இல் அதன் இனப்பெயர் ஜப்பானிகம் என்பதிலிருந்து டயசோஎஃபிஷியன்ஸ் என்று மாறியது. பெயர் மாறியும் எண் மாறவில்லை. பல பத்தாண்டு ஆய்வு முடிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடிவது அந்த எண்ணுக்குரிய உயிர் இன்றும் கையில் இருப்பதால்தான்.

கேள்வி: வாங்கிய ரைசோபியம் உயிர் உரப் பொட்டலத்தை அடுத்த ஆண்டுக்கு வைத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம். காலாவதித் தேதிக்குள், வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைத்து, ஹெக்டேருக்கு 600 கிராம் வீதம் ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதைநேர்த்தி செய்து, நிழலில் உலர்த்தி விதையுங்கள். பூசணக்கொல்லி இட்டிருந்தால் 24 மணி நேரம் கழித்தே இதைச் செய்யுங்கள்.