நெவாடாவுல லித்தியம் சுரங்கம் வரப்போற இடத்துல இருக்குற அந்தப் பூச்செடியைப் புடுங்கி வேற இடத்துல நட முடியாதா?

நல்ல கேள்வி, ஆனா அவ்ளோ ஈசி இல்லைங்க. நீங்க கேக்குறது டீம்ஸ் பக்வீட், அமெரிக்காவோட நெவாடா மாநிலத்துல ரையோலைட் ரிட்ஜ்ங்குற ஒரே ஒரு இடத்துலதான் இருக்கு, மொத்தமா பாத்தா சுமார் 10 ஏக்கர், உலகத்துல வேற எங்கயும் கிடையாது. 1983ல ஆர்னால்ட் டீம்னு ஒரு தாவரவியலாளர் கண்டுபிடிச்சாரு, அவர் பேரையே வச்சுட்டாங்க.

பாக்க ரொம்ப சாதாரணமா இருக்கும். சாம்பல் கலந்த பச்சை இலை தரையோட ஒட்டி மெத்தை மாதிரி படர்ந்திருக்கும், அதுல இருந்து இலையே இல்லாத குச்சி ஒரு ஜாண் உயரம் எழும்பி, நுனியில வெளிர் மஞ்சள்ல குட்டிப் பந்து மாதிரி பூ. எனக்கு அதைப் பாத்தாலே மனசு உருகிடும்.

விஷயமே மண்ணுலதான் இருக்கு. அந்தக் களிமண்ல போரானும் லித்தியமும் ஜாஸ்தி, மத்த செடிங்க அங்க தடுமாறும், இது அதுலயே வாழப் பழகிடுச்சு, அதனால போட்டியும் கம்மி. அதே லித்தியம்தான் எலக்ட்ரிக் கார் பேட்டரிக்கும் வேணும், அங்கதான் சிக்கல். இடம் மாத்தி நட்டா வேர், மண்ணு, மகரந்தம் சேக்குற பூச்சிங்க எல்லாம் சேர்ந்து அமையணும். 2020ல எலி, அணில் மாதிரி கொறிக்கிற பிராணிங்க மட்டுமே 17,000க்கு மேல செடிகளை நாசம் பண்ணிடுச்சுங்க, ஒரே எடத்துல இருக்குற செடிக்கு ஒரு கெட்ட சீசனே போதும்.

2022 டிசம்பர்ல அழியும் நிலையில இருக்குற இனம்னு அரசு அறிவிச்சுது, ஆனாலும் 2024 அக்டோபர்ல சுரங்கத்துக்கு அனுமதி குடுத்துட்டாங்க. செடிங்க இருக்குற எடத்தைத் தொடாம வேலி போட்டுக் காப்பாத்துறதுதான் சரி, புடுங்கி நடுறது கடைசி வழியாத்தான் இருக்கணும்.