ஸ்டாப்வாட்ச் நேரம் போதுமா?
விளையாட்டும் மேற்கல்வியும்: வாசகர் கேள்வி பதில்

சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: ஓட்டத்தையும் பந்தையும் நம்பிப் பிள்ளையை அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப முடியுமா?

கேள்வி: மகள் படிவம் 4 படிக்கிறாள். 400 மீட்டரில் மாநில அளவில் வெள்ளிப் பதக்கம் வாங்கினாள். விளையாட்டு உபகாரச் சம்பளத்தில் அமெரிக்கா போகலாம் என்று பயிற்றுநர் சொல்கிறார். பதக்கத்தை எடுத்துக்கொண்டு யாரிடம் போய்க் கேட்பது?
ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதக்கத்தை வீட்டிலேயே வையுங்கள் அம்மா, நேரத்தைக் கொண்டுபோங்கள். பேராக் மாநில வெள்ளிக்கு எவ்வளவு மதிப்பு என்று அங்குள்ள பயிற்றுநருக்குத் தெரியாது. 400 மீட்டரை எத்தனை வினாடியில் ஓடினாள் என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்.

அந்த நேரம் எப்படி எடுக்கப்பட்டது என்பதும் முக்கியம். பள்ளித் திடலில் ஆசிரியர் ஸ்டாப்வாட்ச்சில் எடுக்கும் நேரம் பெரும்பாலும் கொஞ்சம் குறைவாகவே காட்டும். வெடிச் சத்தம் காதில் விழுந்து விரல் அழுத்துவதற்குள் பிள்ளை ஓடத் தொடங்கிவிடுகிறாள். முடிவுக் கோட்டிலோ, அவள் வருவதைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் விரல் முந்திக்கொள்கிறது. அதனால் கையால் எடுத்த நேரத்தோடு 100, 200 மீட்டருக்கு 0.24 வினாடியும், 400 மீட்டருக்கு 0.14 வினாடியும் கூட்டிப் பார்ப்பது வழக்கம். நீங்கள் 57.9 என்று எழுதினால் அவர் 58.04 என்று படிப்பார். கையால் எடுத்தது என்பதை மறைத்து எழுதிப் பின்னால் தெரியவந்தால் பேச்சு அத்தோடு நின்றுவிடும். ஆகவே மின்னியல் நேரக்கருவி உள்ள போட்டி ஒன்றிலாவது அவள் ஓடவேண்டும். ஏற்பாட்டாளர் வெளியிட்ட முடிவுப் பட்டியலையும் பத்திரப்படுத்துங்கள். 100, 200 மீட்டர் ஓடுபவர்கள் காற்றின் வேகத்தையும் சேர்த்து எழுதவேண்டும். பின்காற்று வினாடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் அந்த நேரம் சாதனைக் கணக்கில் சேராது.

அந்த நேரம் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பொருந்தும் என்பதை நீங்களே பார்த்துவிடலாம். அமெரிக்கக் கல்லூரித் தடகள முடிவுகள் டிஎஃப்ஆர்ஆர்எஸ் என்ற இணையத்தளத்தில் யாரும் பார்க்கும்படி கிடைக்கின்றன. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒரு லீக்கில் இருக்கும். அந்த லீக்கின் ஆண்டு வெற்றியாளர் போட்டியில் பெரும்பாலும் முதல் 8 பேருக்குத்தான் புள்ளி கிடைக்கும். முதலிடத்துக்கு 10 புள்ளி, எட்டாமிடத்துக்கு 1 புள்ளி. எட்டாவதாக வந்தவரின் நேரத்தை மகளின் நேரத்தோடு வைத்துப் பாருங்கள். அவள் அதைவிட வேகமாக ஓடினால், அந்தப் பயிற்றுநருக்கு அவள் இன்றைக்கே புள்ளி எடுத்துத் தரக்கூடியவள். அப்படிப்பட்டவருக்குத்தான் பணம் ஒதுக்குவார்கள். இரண்டு வினாடி பின்தங்கினால் வேறு லீக்கைப் பாருங்கள்.

பெரிய பெயர்களை மட்டும் நோக்கவேண்டாம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பு என்சிஏஏ. அதில் மூன்று பிரிவுகள் உண்டு. முதல் இரண்டு பிரிவுகள் விளையாட்டுக்காகப் பணம் தரலாம். மூன்றாம் பிரிவு விளையாட்டுக்கென்று ஒரு காசும் தராது, படிப்புக்காகவோ குடும்ப வருமானத்தைப் பார்த்தோ உதவி தரலாம். என்ஏஐஏ என்ற தனி அமைப்பும், ஈராண்டுக் கல்லூரிகளுக்கான என்ஜேசிஏஏவும் விளையாட்டுக்குப் பணம் தருகின்றன. நம் பேராக்கின் ஷெரீன் சாம்சன் வல்லபோய், இதே 400 மீட்டர்காரர், மின்னசோட்டாவின் வினோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக ஓடியவர். அது இரண்டாம் பிரிவுதான்.

பிறகு மின்னஞ்சல். அதை மகளே எழுதவேண்டும். தாயோ தகப்பனோ எழுதிய கடிதம் என்று தெரிந்தாலே பல பயிற்றுநர்கள் ஒதுக்கிவிடுவார்கள். பொருள் வரியிலேயே போட்டி, நேரம், பள்ளி முடிக்கும் ஆண்டு, நாடு நான்கும் இருக்கட்டும். உள்ளே ஆறேழு வரி போதும்: சிறந்த நேரம், எங்கே, எந்தத் தேதி, சென்ற ஆண்டு எவ்வளவு, தேர்வு முடிவு, என்ன படிக்க விருப்பம். ஓட்டத்தின் காணொலியை யூடியூப்பில் ஏற்றி இணைப்பை மட்டும் தாருங்கள். மேடையின் உயரத்திலிருந்து, தொடக்கம் முதல் முடிவுவரை வெட்டாமல் எடுத்த படமாக இருக்கவேண்டும். பாட்டுச் சேர்க்கவேண்டாம். தலைமைப் பயிற்றுநரோடு குறுவிரைவோட்டப் பயிற்றுநருக்கும் தனியாக அனுப்புங்கள். ஐந்து பேருக்கு எழுதிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆகாது. நாற்பது, ஐம்பது இடங்களுக்காவது எழுதி, எப்போது எழுதினோம், யார் பதில் தந்தார் என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். நேரம் குறையும்போதெல்லாம் மறுபடி எழுதவேண்டும்.

பதில் வரவில்லை என்றால் உடனே மனம் உடையவேண்டாம். முதல் பிரிவில் பெரும்பாலான விளையாட்டுகளில், பத்தாம் வகுப்பு முடிந்த பிறகு வரும் ஜூன் 15க்கு முன்னால் பயிற்றுநர் மாணவருக்குப் பதில் எழுதவே கூடாது என்பது விதி. நம் கணக்கில் பத்தாம் வகுப்பு என்பது படிவம் 4. மாணவர் எழுதுவதற்கு அந்தத் தடை கிடையாது.

கேள்வி: மகன் 18 வயதுக்குட்பட்டோர் பிரிவில் குண்டு எறிகிறான். 15 மீட்டரைத் தாண்டுகிறான். இது போதுமா?
ஒரு தகப்பனார், சுங்கை சிப்புட்

எத்தனை கிலோ குண்டு ஐயா? அந்த வயதுப் பிரிவில் ஆண்களுக்கு 5 கிலோ. கல்லூரியில் 7.26 கிலோ. இப்போதிருந்தே வாரத்தில் ஒருநாளாவது 6 கிலோவிலும் 7.26 கிலோவிலும் எறிந்து, மூன்று தூரங்களையும் எடையோடு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எடை எழுதாத தூரத்தை அங்கே யாரும் படிக்கமாட்டார்கள். தடை ஓட்டக்காரர்களுக்கும் இதே பேச்சுதான். 110 மீட்டரில் 18 வயதுக்குட்பட்டோர் தாண்டும் தடையின் உயரம் 0.914 மீட்டர், கல்லூரியில் 1.067 மீட்டர்.

கேள்வி: நான் மாநில ஹாக்கிக் குழுவில் ஆடுகிறேன். தம்பி சிலம்பமும் பூப்பந்தும். எங்களுக்கும் வாய்ப்பு உண்டா?
படிவம் 5 மாணவன்

வருத்தத்தோடுதான் சொல்லவேண்டியிருக்கிறது தம்பி. என்சிஏஏவில் திடல் ஹாக்கி பெண்களுக்கு மட்டும்தான். ஆண்களுக்கு அது இல்லை. பூப்பந்து, செப்பாக் தக்ராவ், வலைப்பந்து, சிலம்பம், கபடி எதற்கும் அங்கே என்சிஏஏ வெற்றியாளர் போட்டி கிடையாது. உன் பள்ளியில் ஹாக்கி ஆடும் பெண்கள் இருந்தால் இதை அவர்களிடம் காட்டு. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் அவர்களுக்குக் குழுக்கள் நிறைய உண்டு. காற்பந்து, நீச்சல், டென்னிஸ், கோல்ஃப், தடகளம் இருபாலருக்கும் உண்டு. போலிங்கில் பெண்களுக்கு என்சிஏஏ, ஆண்களுக்கு என்ஏஐஏ. நம் நாட்டில் போலிங் ஆடுபவர்கள் பலருக்கு இது தெரியாமலே போய்விடுகிறது.

சுவர்ப்பந்து என்சிஏஏவுக்கு வெளியே தனிச் சங்கத்தின்கீழ் நடக்கிறது. சுங்கைப்பட்டாணியில் பிறந்த சிவசங்கரி சுப்பிரமணியம் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தனிநபர் தங்கம் வென்றார். ஆனால் கார்னெல் உள்ளிட்ட ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் எட்டும் விளையாட்டுக்கென்று உபகாரச் சம்பளம் தருவதில்லை. விளையாட்டு அங்கே இடம் கிடைக்க உதவும், பணம் குடும்ப நிலையைப் பார்த்துத் தரப்படும். உன் ஹாக்கிக்கான வழியைக் கடைசிக் கேள்வியில் பார்.

கேள்வி: ஒரு முகவர் ‘இடம் வாங்கித் தருகிறேன், கிடைக்கும் உபகாரச் சம்பளத்தில் 10 விழுக்காடு கொடுங்கள்’ என்கிறார். நம்பலாமா?

வேண்டாம். உதவித்தொகையில் பங்கு கேட்பது என்சிஏஏ விதிக்கு நேர் எதிரானது. விவரம் தொகுத்துக் கொடுப்பதற்கு ஒரு நிலையான கட்டணம் வாங்கலாம், அவ்வளவுதான். இடம் கிடைத்தால் இவ்வளவு, உதவி இத்தனையானால் இவ்வளவு என்று ஒப்பந்தம் போட்டால் முகவருக்கு ஒன்றும் ஆகாது, பிள்ளையின் தகுதிதான் கெடும். கையெழுத்திட்டிருந்தால் எந்தப் பல்கலைக்கழகத்தோடும் பேசுவதற்கு முன் அதை முறித்துக்கொள்ளுங்கள். இலவச ஆலோசனைக்குக் கோலாலம்பூரில் எம்ஏசிஇஇ என்ற மலேசிய-அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையம் இருக்கிறது. அமெரிக்கக் கல்வி பற்றிய எஜுகேஷன்யுஎஸ்ஏ ஆலோசனையை அங்கேதான் தருகிறார்கள்.

கேள்வி: எஸ்பிஎம் முடிவு வந்த பிறகு பத்திரங்களைத் தயார்செய்தால் போதாதா?

தாமதமாகிவிடும். மாணவர் கல்லூரியில் விளையாடத் தகுதி உள்ளவரா என்று பார்க்கும் என்சிஏஏ தகுதி மையம் ஒன்பதாம் வகுப்பிலிருந்து, அதாவது படிவம் 3லிருந்து, ஒவ்வோர் ஆண்டின் மதிப்பெண்ணையும் கேட்கும். படிவம் 3 ஆண்டிறுதி முடிவை எந்த வீட்டில் எடுத்து வைக்கிறோம்? பள்ளி அலுவலகத்தில் கேட்டு, முத்திரையோடு இப்போதே நகல் வாங்குங்கள். மலாயில் உள்ள பத்திரங்களுக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். ஐடிபிஎம் நிறுவனம் அதைச் செய்து தருகிறது. மூலப் பத்திரமும் மொழிபெயர்ப்பும் இரண்டும் சேர்ந்தே போகவேண்டும்.

மையம் 16 முக்கியப் பாடங்களைக் கணக்கில் எடுக்கும்: ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் போன்றவை. உடற்கல்வி சேராது. அந்தப் பாடங்களின் சராசரி, 4.0 என்ற அளவுகோலில், முதல் பிரிவுக்கு 2.3, இரண்டாம் பிரிவுக்கு 2.2. எஸ்ஏடி தேர்வை என்சிஏஏ 2023ல் கைவிட்டது, ஆனால் சில பல்கலைக்கழகங்கள் தாங்களாகக் கேட்கலாம். டோஃபல் அல்லது ஐஇஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் தேர்வு தனி. தகுதி மையம் சரி என்று சொல்வது ஒன்று, பல்கலைக்கழகம் இடம் தருவது வேறொன்று. இரண்டும் கிடைக்கவேண்டும்.

எஸ்பிஎம் முடிந்து ஆண்டுக்கணக்கில் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தால் கல்லூரியில் ஆடக்கூடிய பருவங்கள் குறையக்கூடும். எஸ்டிபிஎம் படிக்க நினைப்பவர்கள் படிவம் 6ல் சேருவதற்கு முன்பே தகுதி மையத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலை அழிக்காமல் வைத்திருக்கட்டும். பரிசுப் பணம் வாங்கியிருந்தால் தேதி, தொகை, அந்தப் போட்டிக்குப் பேருந்துக்கும் தங்குவதற்கும் ஆன செலவு எல்லாவற்றையும் ரசீதோடு எழுதிவையுங்கள்.

கேள்வி: மகளுக்கு ஒரு பல்கலைக்கழகம் 16,000 டாலர் தருவதாகப் பயிற்றுநர் தொலைபேசியில் சொன்னார். ஒப்புக்கொள்ளலாமா? தோட்டத்துச் சம்பளத்தில் மீதியைக் கட்ட முடியுமா?
ஒரு தகப்பனார்

தொலைபேசியில் சொன்னது யாரையும் கட்டுப்படுத்தாது. முன்பு இருந்த தேசிய ஒப்புதல் கடிதமும் 2024ல் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது செல்லுபடியாவது பல்கலைக்கழகம் கையெழுத்திட்டுத் தரும் நிதியுதவி ஒப்பந்தம்தான்.

16,000 என்பது பெரிய தொகைபோலத் தெரியும். அந்தப் பல்கலைக்கழகத்தின் மொத்த ஆண்டுச் செலவைக் கேட்டு அதிலிருந்து கழியுங்கள். ஓர் எடுத்துக்காட்டு: கல்விக்கட்டணம், தங்கும் அறை, சாப்பாடு, புத்தகம், கட்டாய மருத்துவக் காப்புறுதி எல்லாம் சேர்ந்து 36,000 டாலர் என்றால், ஆண்டுக்கு 20,000 உங்கள் தலையில். நான்கு ஆண்டுக்கு 80,000. விமான டிக்கெட் இதில் சேரவில்லை. விசாவுக்கு 185, வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர். விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தைத் தருவதற்கு முன் முதல் ஆண்டுச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று வங்கிக் கணக்கைக் காட்டச் சொல்வார்கள். பல குடும்பங்கள் தடுக்கி விழுவது இங்கேதான். பக்கத்து வீட்டுக்காரர் பணத்தைச் சில நாள் கணக்கில் போட்டுக் காட்டி அனுப்பிவிட்டால், இரண்டாம் பருவத்தில் பிள்ளை அங்கே தனியாகத் தவிக்கும்.

ஆகவே மகளை இந்த நான்கையும் மின்னஞ்சலில் கேட்கச் சொல்லுங்கள். படிப்புத் தகுதிக்கான உதவியையும் இதோடு சேர்த்துத் தரமுடியுமா? வெளிமாநில மாணவருக்கான கூடுதல் கட்டணத்தைக் குறைக்க முடியுமா? உதவி எத்தனை ஆண்டுக்கு, ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டுமா? காயம் பட்டு ஓட முடியாவிட்டால் என்ன ஆகும்? முதல் கேள்வியை வெட்கப்படாமல் அழுத்திக் கேளுங்கள். இரண்டாம் பிரிவில் பெரும்பாலான மாணவர்கள் விளையாட்டுப் பணத்தையும் படிப்புப் பணத்தையும் சேர்த்துத்தான் சமாளிக்கிறார்கள். எஸ்பிஎம் முடிவு இங்கே டாலராக மாறுகிறது.

பகுதிநேர வேலையை நம்பிக் கணக்குப் போடவேண்டாம். எஃப்-1 விசாவில் படிப்புக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணிநேரம்தான், அதையும் பயிற்சி விழுங்கிவிடும். அமெரிக்க மாணவர்கள் 2021 முதல் விளம்பரத்தில் சம்பாதிக்கிறார்கள். நம் பிள்ளை அப்படிச் செய்தால் விசாவுக்கே ஆபத்து.

பயிற்றுநர் மறுபடி அழைத்தால் இரவு 9 மணிக்கு அழைக்கச் சொல்லுங்கள். கிழக்குக் கரையில் அப்போது காலை 8 அல்லது 9.

கேள்வி: வெளிநாடு வேண்டாம், இங்கேயே படித்தால் விளையாட்டுக்கு ஏதும் பயன் உண்டா?

உண்டு. யுபியு வழியாக அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு முடிவு, 10 விழுக்காடு புறப்பாடம். எந்த அளவில் விளையாடினோம் என்பதற்கு ஏற்ப அந்தப் பத்தில் பங்கு கூடும். மாவட்டம், மாநிலம், தேசியம் எதுவானாலும் சான்றிதழில் பெயர், அடையாள அட்டை எண், ஆண்டு மூன்றும் சரியாக இருக்கிறதா என்று வாங்கும் அன்றைக்கே பாருங்கள். பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் அதே வாரத்தில் பள்ளியின் புறப்பாடத் துணைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துத் திருத்தி வாங்கிவிடுங்கள்.