மூன்று மாதத்துக்கு ஓர் இதழ்: கேள்வி பதில்

பண்பாடு, அரசியல் பற்றிய கட்டுரைகளும் கவிதைகளும் வெளியிடும் ஒரு தமிழ்க் காலாண்டிதழின் ஆசிரியர் குழுவில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இதழ் தொடங்க நினைப்பவர்கள், படைப்பு அனுப்புகிறவர்கள், வாசகர்கள் எனப் பலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: அண்ணா, தேர்தல் முடிவு வந்த அரை மணி நேரத்தில் ஆளாளுக்கு அலசி முடித்துவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்து வரும் அரசியல் கட்டுரையை யார் படிப்பார்கள்?

அந்த அலசல்களில் எது மூன்று மாதம் கழித்தும் உங்கள் நினைவில் இருக்கிறது என்று பாருங்கள். என்ன நடந்தது என்று சொல்வதில் காலாண்டிதழ் நாளிதழோடு போட்டி போட முடியாது, போடவும் கூடாது. ஒரு தொகுதியில் ஒரு பிரிவினரின் வாக்கு ஏன் இடம் மாறியது என்று எழுத அந்த ஊர்களுக்குப் போக வேண்டும். வாக்குச்சாவடி வாரியான எண்களைப் பார்க்க வேண்டும், முந்தைய தேர்தல்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். எழுதியதை விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டி, அவர் சொல்லும் குறைகளைக் கேட்டுத் திருத்த வேண்டும். இதற்கெல்லாம் இரண்டு மாதமாவது ஆகும். அந்த இரண்டு மாதத்தை எழுதுகிறவருக்குக் கொடுப்பதுதான் காலாண்டிதழின் வேலை.

நா. வானமாமலை 1969-ல் தொடங்கிய 'ஆராய்ச்சி' காலாண்டிதழ்தான். நாட்டார் வழக்காறு, சமூக வரலாறு பற்றி அதில் வந்த கட்டுரைகளை ஆய்வாளர்கள் இன்றும் தேடி எடுக்கிறார்கள். எங்கள் குழுவில் கட்டுரையை ஏற்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்வோம்: அடுத்த ஆண்டு படித்தாலும் இது நிற்குமா? நிற்காது என்று தோன்றினால், நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் வேறு இடத்துக்கு அனுப்பச் சொல்லிவிடுவோம்.

கேள்வி: கட்டுரை இதழ், கவிதை இதழ் என்று தனித்தனியாக நடத்தலாமே? இரண்டையும் ஏன் ஒன்றாகப் போடுகிறீர்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' 1959 ஜனவரியில் தொடங்கி 1970 வரை 119 இதழ்கள் வந்தது. அதை விமர்சன ஏடாகத்தான் அவர் ஆரம்பித்தார். பக்கத்திலேயே விமர்சனக் கட்டுரைகளும் வந்தது, புதுக்கவிதை அங்கே வேர் பிடித்ததற்கு ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். யாப்பை விட்ட கவிதையை எப்படி வாசிப்பது என்று தெரியாத வாசகருக்கு, கவிதையும் அதைப் பற்றிய வாதமும் ஒரே கையில் கிடைத்தன. அங்கே வந்த கவிதைகளிலிருந்து 1962-ல் 'புதுக்குரல்கள்' தொகுப்பு வெளியானது: 24 கவிஞர்கள், 63 கவிதைகள். கட்டுரை இல்லாத இதழாக இருந்திருந்தால் அந்தக் கவிதைகளுக்கு அவ்வளவு சீக்கிரம் வாசகர்கள் கிடைத்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

வெளியே ஓர் உதாரணம், மொராக்கோவின் 'சூஃபிள்'. அப்தெல்லத்தீஃப் லாபி 1966-ல் அதைத் தொடங்கியபோது அது இளம் கவிஞர்களின் இதழ். காலனி ஆட்சி முடிந்த நாட்டில் எந்த மொழியில், யாருக்காக எழுதுவது என்ற கேள்வியைப் பின்தொடர்ந்தே அவர்கள் அரசியலுக்கு வந்து சேர்ந்தார்கள். 1972-ல் அரசு இதழைத் தடை செய்தது. லாபி எட்டு ஆண்டுகள் சிறையில் இருந்தார். கவிதையையும் அரசியலையும் அந்த இதழில் பிரித்துப் பார்க்கவே முடியாது.

ஆனால் ஒன்றாகப் போடுவதிலும் முறை இருக்கிறது. கட்டுரை முடிந்து அரைப் பக்கம் மிஞ்சினால் அங்கே ஒரு கவிதையைச் செருகுவது கவிஞருக்குச் செய்யும் அவமரியாதை. கவிதைக்குத் தனிப் பக்கம் வேண்டும். ஒருவரிடமிருந்து ஒன்று வாங்குவதைவிட ஐந்தாறு வாங்கிச் சேர்த்துப் போட்டால் அவர் குரல் பிடிபடும். அப்புறம், சாதி பற்றிய கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் சாதி பற்றிய கவிதையை வைக்காதீர்கள். கட்டுரைக்கு விளக்கப்படம் போல அது சுருங்கிவிடும்.

கேள்வி: ஐந்து மாதத்துக்கு முன் ஒரு காலாண்டிதழுக்குக் கவிதைகள் அனுப்பினேன். பதிலே இல்லை. வேறு இதழுக்கு அனுப்பலாமா ஐயா?

அனுப்பலாம். முதல் இதழுக்கு 'இவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டு அனுப்புங்கள். ஓர் இதழ் வந்து அடுத்த இதழும் வந்துவிட்டது, உங்களுக்கு ஒரு சொல்கூட வரவில்லை என்றால் அது ஆசிரியர் குழுவின் தவறு. 'வேண்டாம்' என்று சொல்ல அதிக நேரம் ஆகாது.

கேள்வி: இதழைப் பதிவு செய்தே ஆக வேண்டுமா? 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று அட்டையில் போட்டால் போதும் என்கிறார்களே தோழர்?

நம் சிற்றிதழ்கள் பலவும் அந்த வரியோடுதான் வந்தன. நண்பர்களுக்குள் நூறு இருநூறு பிரதி சுற்றும்வரை அது பொருந்தும். கடையில் வைத்து, சந்தா வாங்கி நடத்துவதென்றால் பதிவு செய்துவிடுங்கள். 1867-ஆம் ஆண்டின் பழைய சட்டம் போய், 2023-ல் இயற்றப்பட்ட பத்திரிகை, பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. விண்ணப்பம் முழுக்க 'பிரஸ் சேவா' இணையதளம் வழியாகத்தான். அறிவியல், தொழில்நுட்ப, கல்விசார் ஆய்விதழ்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் பொதுச் செய்தி பற்றிய கருத்து வெளியிட்டால் நீங்கள் சட்டத்துக்குள் வந்துவிடுகிறீர்கள், அரசியல் கட்டுரை போடும் இதழ் வேறெப்படி இருக்கும்? தலைப்பை முதலில் தேடிப் பாருங்கள். அதே பெயரோ அதைப் போன்ற பெயரோ தமிழில் நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும், உங்கள் மாநிலத்தில் வேறு மொழியில் இருந்தாலும் கிடைக்காது. அழகான ஒற்றைச் சொற்கள் பெரும்பாலும் போய்விட்டன.

தபால்தான் பெரிய தலைவலி. பத்திரிகைகளுக்கான அஞ்சல் சலுகை 1898 சட்டத்தின்படி 31 நாளுக்குள் ஒருமுறையாவது வரும் இதழ்களுக்கு என்று வகுக்கப்பட்டது. ஆக, காலாண்டிதழ்கள் ஆரம்பத்திலிருந்தே அதற்கு வெளியே. புத்தகங்களுக்கான பதிவு அஞ்சலும் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. 2025 மே மாதம் வந்த 'ஞான் போஸ்ட்' அஞ்சல் சேவை கல்வி நூல்களுக்கு உதவுகிறது, பருவ இதழ்களைச் சேர்க்கவில்லை. சிறு இதழ்கள் எல்லாம் சேர்ந்து குரல் கொடுக்க வேண்டிய விஷயம் இது. சந்தாத் தொகையை முடிவு செய்யும்போது தபால் செலவைத் தனியாகக் கணக்குப் போட்டுச் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: எத்தனை பக்கம் வைக்கலாம்?

பதினாறு பக்கம் ஒரு பாரம். ஆறு பாரம், அதாவது 96 பக்கம், டெமி அளவில் தொடக்கத்துக்குப் போதும். 100 பக்கம் வேண்டும் என்று அடம்பிடித்தால் நான்கு பக்கத்துக்காகக் கூடுதல் செலவு. சந்தாதாரர் எண்ணிக்கையைத் தாண்டி அதிகம் அச்சடிக்காதீர்கள். டிஜிட்டல் அச்சில் தேவைப்படும்போது மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: ஓர் அமைப்பு இரண்டு ஆண்டுச் செலவை ஏற்பதாகச் சொல்கிறது. உள்ளடக்கத்தில் தலையிட மாட்டார்களாம். வாங்கலாமா?

பணம் எங்கிருந்து அவர்களுக்கு வருகிறது என்று கேளுங்கள். பதிலை இதழில் அச்சிடச் சம்மதிப்பார்களா என்றும் கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

உகாண்டாவின் கம்பாலாவில் ரஜத் நியோகி 1961-ல் 'ட்ரான்ஸிஷன்' இதழைத் தொடங்கினார். கவிதை, அரசியல், காரசாரமான வாசகர் கடிதங்கள் என்று ஆப்பிரிக்க எழுத்துலகமே அதில் பேசியது. அதற்கு உதவிய 'பண்பாட்டுச் சுதந்திரத்துக்கான காங்கிரஸ்' அமைப்புக்குப் பின்னால் அமெரிக்காவின் சி.ஐ.ஏ. பணம் இருந்தது 1967-ல் அம்பலமானது. நியோகி தனக்குத் தெரியாது என்றார், நான் அதை நம்புகிறேன். அடுத்த ஆண்டே, ஆட்சியை விமர்சித்து வெளியிட்டவற்றுக்காக உகாண்டா அரசு அவரைச் சிறையில் அடைத்தது. யாருக்கும் வளையாத ஆசிரியர் அவர். இருந்தும் அந்த நிதியின் நிழல் இதழ் மீது விழுந்தது. தலையிடுகிறார்களா என்பதோடு விஷயம் முடிவதில்லை, வாசகருக்குத் தெரிய வேண்டும். ஒளிவுமறைவில்லாத நிதி என்றால் வாங்குங்கள், முதல் பக்கத்திலேயே பெயரைப் போடுங்கள்.

கேள்வி: பத்து இதழ்கூடத் தாண்டாமல் நின்றுவிடும் இதழ்களால் என்ன பயன்?

சேலத்திலிருந்து 1968-ல் வரத் தொடங்கிய 'நடை' காலாண்டிதழ் எட்டு இதழ்களோடு நின்றது. கவிஞர் சி. மணி அதன் பின்னால் இருந்தார். நவீனத் தமிழ்க் கவிதையின் வரலாறு எழுதுகிறவர்கள் அந்த எட்டைத் தாண்டிப் போக முடியாது. சுந்தர ராமசாமி 1988-ல் காலாண்டிதழாகத் தொடங்கிய 'காலச்சுவடு' இடையில் நின்று, 1994-ல் மறுபடி தொடங்கி, இன்று மாத இதழாக வருகிறது. இரண்டு வழியும் உண்டு. சந்தா வாங்கியிருந்தால் நிறுத்தும்போது மீதியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது மட்டும் தவறக் கூடாது.

கேள்வி: பழைய இதழ்களை எங்கே படிக்கலாம்?

சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். ஈழத்து இதழ்கள் என்றால் இணையத்தில் 'நூலகம்' என்ற தளம்: 1966-ல் டொமினிக் ஜீவா தொடங்கிய 'மல்லிகை', யாழ்ப்பாணத்திலிருந்து 1975 முதல் வந்த 'அலை' இரண்டையும் அங்கே வாசிக்கலாம். 'அலை'யை முதலில் எடுங்கள்.

கேள்வி: எங்கள் நிலைப்பாட்டுக்கு நேர் எதிரான கட்டுரை ஒன்று வந்திருக்கிறது. நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. போடலாமா, வேண்டாமா என்று குழுவில் சண்டை.

இரு தரப்புக்கும் ஒரே பதில்தான். யாருடைய மனித மதிப்பையாவது மறுக்கும் கட்டுரை என்றால் வேண்டாம், எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும். மற்றபடி போடுங்கள். தொண்ணூறுகளில் 'நிறப்பிரிகை' இதழ் தலித் அரசியலையும் மார்க்சியத்தையும் பற்றிக் கிளப்பிய விவாதங்கள், நெருக்கமானவர்களையே எதிரெதிரே நிறுத்தின. அதனால்தான் அவை இன்றும் பேசப்படுகின்றன. மறுப்பை அதே இதழில் சேர்க்காதீர்கள். கட்டுரை தனியாக மூன்று மாதம் வாசகர் கையில் இருக்கட்டும், மறுப்பு அடுத்த இதழில் வரட்டும். எழுதியவருக்கு அந்த மறுப்பை அச்சுக்கு முன்பே அனுப்பிவைத்துவிடுங்கள்.